காலிக் கட்டங்களில் பதினொரு பேர்

அந்தக் குத்துச்சண்டைக் கூடத்தில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே "அக்கா". முதுகுக்குப் பின்னால் "முப்பது சைபர்". அங்கே மூன்று சுற்றுச் சண்டை, சுற்றை ஜெயித்தவனுக்குப் பத்துப் புள்ளி, தோற்றவனுக்குப் பெரும்பாலும் ஒன்பது. யாராவது அடி வாங்கி விழுந்து, நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழவில்லை என்றால், அடித்தவனுக்கு முப்பது, விழுந்தவனுக்கு சைபர் என்று அட்டையில் போட்டுவிடுவாள். விழுந்தவன் அதுவரை மயில் மாதிரி ஆடியிருந்தாலும் சரி, அதே சைபர்தான். கூடத்து முதலாளிகூட ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, விழுந்தவனுக்கு சும்மா விட்டுடக் கூடாதா? சைபர் போட்டா பாவமா இருக்கே."

"கட்டத்தைக் காலியா விட்டா எனக்குக் கை அரிக்கும் முதலாளி. அட்டைன்னு இருந்தா அதுல எல்லாக் கட்டமும் நிரம்பணும். இல்லேன்னா அன்னிக்கு எனக்குத் தூக்கம் வராது."

அவள் புள்ளி போடும் நாற்காலிக்கு வந்ததே ஒரு ரத்தக் களரியில்தான். அதற்கு முன் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பழைய புள்ளிக்காரர் சொன்ன தீர்ப்பு ஒரு தரப்புக்குப் பிடிக்கவில்லை. இரும்பு மடக்கு நாற்காலி ஒன்று பறந்து வந்து அவர் தோள்பட்டையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டதாம். மனிதர் அப்படியே எழுந்து ஓட ஆரம்பித்தார். இன்றைக்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் கேள்வி. கூடமே கைகலந்தது. யார் யாரை அடிக்கிறோம் என்று தெரியாமல் அண்ணனைத் தம்பியும், மாமனை மச்சானும் அடித்துக்கொண்டார்கள். இவள் டிக்கெட் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் நடந்து போய், நாற்காலி வீசியவனைக் கண்டுபிடித்து, டப்பாவாலேயே அவன் வாயில் ஒன்று வைத்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு அந்த வளைந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அதில் உட்கார்ந்து, கீழே கிடந்த அட்டையை எடுத்து, இருபத்தெட்டுக்கு இருபத்தொன்பது என்று வாசித்தாள். ஒரு ஈ பறக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த நாற்காலி அவளுக்கு.

வாயில் டப்பா வாங்கியவன் ஆறு மாதம் தயங்கி, பொய்ப்பல் கட்டிக்கொண்டு வந்து, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். கட்டிக்கொண்டாள். பல் எப்படிப் போச்சு என்று யார் கேட்டாலும் "மேடையில" என்பான். அவளும் மறுத்ததில்லை.

அவனுக்குக் கூடத்தில் "மண்வெட்டி" என்று பெயர். பகலில் எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டுவான். சாயங்காலம் மேடை. வலது கை தரையைத் தோண்டுகிற மாதிரி கீழேயிருந்து கிளம்பி, எதிராளியின் தாடைக்கு அடியில் போய் நிற்கும். அந்தக் குத்து வாங்கிய ஒருவனுக்குக் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமென்ட் மூக்கு வழியாக வந்தது என்று கூடத்தில் சத்தியம் செய்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் சத்தியம் செய்தவர்கள் ஏழெட்டுப் பேர்.

போன வருஷம் அவனுக்கு இடது கண்ணில் அடி விழுந்தது. அடித்தவனுடைய கையுறையின் கட்டைவிரல் பக்கம் நேராகக் கண்குழிக்குள் போய்விட்டது. மேடையிலேயே சாய்ந்தான். கண் பந்து மாதிரி வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்த பிறகும், பார்வையின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்கிக்கொண்டே வந்தது. விழித்திரை கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்டிவைத்தார்கள். கண் டாக்டர் பெரிய வார்த்தை எதுவும் சொல்லவில்லை.

"இந்தக் கண்ணுல இன்னொண்ணு நல்லா விழுந்தா என்கிட்ட வராதீங்க. நேரா கறுப்புக் கண்ணாடி விக்கிற கடைக்குப் போயிடுங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மண்வெட்டிக்கு ஒரு வைராக்கியம். கடைசிச் சண்டையில் மல்லாந்து கிடந்தான். அப்படியே முடித்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

"ஒரே ஒரு சண்டை. நின்னுக்கிட்டு முடிக்கிறேன். அப்புறம் கையுறையைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன்."

"கண்ணு?"

"எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு."

"அப்ப ஒண்ணு எனக்குக் குடுத்துடுங்க. வாழ்க்கை பூரா ரெண்டு கண்ணால முறைச்சு முறைச்சுப் பழக்கம் பண்ணிட்டீங்க. ஒத்தைக் கண்ணால முறைச்சா எனக்கு பயமே வராது."

அழுது பார்த்தாள். சோறு வைக்காமல் பார்த்தாள். அவன் குத்திப் பழகும் மணல் மூட்டையை ஒளித்துவைத்தாள். அவன் கொல்லைச் சுவரைக் குத்திப் பயிற்சி செய்தான். சுவர் விரிசல் விட்டது. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சண்டை உண்டு, ஆனால் எதிராளி யார் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். அவன் கேள்வி கேட்கக் கூடாது.

அவள் மனதில் போட்ட கணக்கு வேறு. அந்த எடையில் இருப்பவர்களிலேயே நோஞ்சானான ஒருவனைப் பார்த்து நிறுத்துவது. ஒரு பூச்சி. கை ஓங்கினால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். இவன் இரண்டு தட்டு தட்டி, நின்றுகொண்டே ஜெயித்து, வீட்டுக்கு வந்து கண்ணோடு படுத்துக்கொள்ள வேண்டும். இது அவனுக்குத் தெரிந்தால் மானம் போய்விட்டது என்று வேறு யாரையாவது தேடிப்பிடித்து மோதுவான். ஆகவே ரகசியம்.

வாய்ப்பும் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு கூடத்தோடு சேர்ந்து முதல்முறையாக ஒரு போட்டி வைக்க முதலாளி ஏற்பாடு செய்தார். யாருக்கு யார் ஜோடி என்று போடும் வேலை அவளுக்கு. இரண்டு கூடத்துப் பழைய சண்டைகளும் கம்ப்யூட்டர் கோப்புகளாக அவள் கைக்கு வந்தன. நூற்றுக்கணக்கான வரிகள். விரலை வைத்துப் படித்தால் மண்வெட்டிக்கு முடி நரைத்துவிடும்.

அங்கேதான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். மண்வெட்டியின் தங்கை. கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. யார் வண்டி யார் மேல் ஏறியது, எத்தனை பேர் நசுங்கினார்கள் என்று பகல் முழுக்க அட்டவணையில் பார்ப்பவள். சாயங்காலம் அண்ணனுக்கு மூலையில் நிற்பவள். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் கைக்குத் துணி சுற்றி, வாயில் தண்ணீர் ஊற்றி, புருவத்து வெட்டில் பஞ்சு அழுத்துகிறவள் அவள்தான். அவளுடைய மூக்கும் ஒருமுறை உடைந்து சேர்ந்ததுதான்.

"பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதுல இதுக்குன்னே ஒரு லைப்ரரி இருக்கு அண்ணி. அட்டவணையை மொத்தமா தூக்கி மடியில உக்கார வச்சிக்கும். நாம கேக்கிறதுக்குப் பதில் சொல்லும்" என்று சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள்.

"பாம்பா? அடிச்சா அடங்குமா?"

"அடிச்சா உடையும். எழுபது வயசு வாத்தியாருகிட்ட பேசற மாதிரி பேசணும். ஒரு கமா தப்பினாலும் கோவிச்சுக்கும்."

முதலில் கோப்பைப் படிக்கச் சொன்னாள். பிறகு "ஹெட்" என்று கேட்டால் தலைமாட்டு ஐந்து வரிகளைக் காட்டும், "டெயில்" என்று கேட்டால் கால்மாட்டு ஐந்து வரிகள்.

"இங்க ஒவ்வொரு வரியும் ஒரு ஆள் ஒரு தடவை மேடையேறினது. ஒரு சண்டைன்னா ரெண்டு வரி, அடிச்சவனுக்கு ஒண்ணு, வாங்கினவனுக்கு ஒண்ணு. மேலேயிருந்து கீழே போறது பத்தி. தேதி, ஆள், எதிராளி, எடை, சுற்று, புள்ளி. வரிக்கு ஒரு சம்பவம், பத்திக்கு ஒரு கேள்வி. இதைப் பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது."

அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் நாத்தனாரையே மிரட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். அரிசி ஊறும் நேரத்தில் எடையை வைத்து வடிகட்டுவாள். இவன் எடைக்காரர்கள் மட்டும் வா என்றால், மற்றவர்கள் எல்லோரும் ஒதுங்கி நிற்க, அவர்கள் மட்டும் வரிசையாக வந்தார்கள். கூட்டத்தைக் கையால் தள்ளிப் பழகியவளுக்கு, ஒரு வரி எழுதினால் கூட்டம் தானாக விலகுவது பெரிய போதை. ஆள்வாரியாகக் கூறு பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் சராசரி எடுப்பதையும் கற்றுக்கொண்டாள். இறைச்சி வெட்டுகிறவன் கூறு போடுவது மாதிரிதான் என்றாள். நாத்தனார் அன்றைக்குக் கறி சாப்பிடவில்லை.

இரண்டு கூடத்து அட்டவணைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிய அன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி, என் புள்ளிக்கெல்லாம் வால் முளைச்சிருக்கு! நான் இருபத்தேழுன்னு போட்டேன். இங்க இருபத்தேழு, புள்ளி, சைபர்னு இருக்கு. நான் எப்பவாவது அரைப்புள்ளி கால்புள்ளி போட்டிருக்கேனா?"

"உங்க புள்ளிக்கு ஒண்ணும் ஆகலை அண்ணி. அந்தக் கூடத்துக் கோப்புல சில கட்டம் காலி. காலியா இருக்கிற இடத்துல இது 'நேன்'னு ஒரு அடையாளம் வைக்கும். அப்படி ஒண்ணு வந்துட்டா, பத்தியில இருக்கிற எல்லா எண்ணும் தசமமா மாறிடும். அதான் வால்."

அவள் கீழே இறக்கிப் பார்த்தாள். நேன், நேன், நேன். புள்ளிப் பத்தியில் அங்கங்கே பல் விழுந்த ஈறு மாதிரி ஓட்டைகள். அவளுக்கு உள்ளங்கை அரித்தது.

"பார்த்தியா அந்தக் கூடத்துப் புள்ளிக்காரனை? சண்டையை வேடிக்கை பார்த்துட்டு எழுதாம விட்டிருக்கான். தண்டச்சோறு. இதையெல்லாம் தூக்க ஒரு கட்டளை இருக்கா?"

"இருக்கு. 'டிராப்'னு சொல்லி, எந்தப் பத்தியில காலியோ அந்தப் பத்தியைச் சொன்னா, அந்த வரிகளை அப்படியே தூக்கிடும். ஆனா தூக்கறதுக்கு முன்னாடி, ஏன் காலின்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"சோம்பேறிகிட்ட போய் ஏன் சோம்பேறியா இருக்கேன்னு கேக்கச் சொல்றியா? நீ சொல்லு, எப்படி எழுதணும்?"

சொன்னாள். இவள் எழுதினாள். ஓட்டை வரிகள் மொத்தமும் போயின. அடுத்த வரியில் எண்களை முழு எண்ணாக மாற்றினாள். வால்கள் உதிர்ந்தன. பத்தி முழுக்கச் சுத்தமாக, அடைத்துக்கொண்டு நின்றது. அவளுக்கு அடுப்படியைக் கழுவி முடித்த திருப்தி. பிறகு அக்கரைக் கூடத்தில் தன் புருஷனுடைய எடைக்காரர்களை மட்டும் எடுத்து, ஆள்வாரியாகச் சராசரி போட்டு, குறைந்ததிலிருந்து கூடினது வரை அடுக்கச் சொன்னாள்.

முதல் வரியில் வந்து நின்றான் ஒருவன். சராசரி இருபத்தாறரை. சண்டையில் முழுத் தோல்வி அடைகிறவனே இருபத்தேழு வாங்குவான். இவன் அதற்கும் கீழே.

"யாருடி இது?"

"அங்க 'புதுமாப்பிள்ளை'ன்னு கூப்பிடுவாங்களாம். எப்பவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டேதான் வருவானாம்."

"வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாது போல. பூச்சி. போட்டுடு."

போட்டுவிட்டார்கள்.

ஞாயிறு மதியம் போட்டி. கூடம் ஒரு காலத்தில் டயர் கிடங்கு. தகரக் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. வேர்வையும் ரப்பரும் வாஸ்லினும் கலந்த நெடி. புள்ளி மேஜை மேடையின் கயிற்றை ஒட்டி இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் அக்கரைக் கூடத்துப் புள்ளிக்காரர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூடி போட்ட பேனா. நான்கு மூலையிலும் மடித்த கைக்குட்டையை மேஜைமேல் விரித்து அதன்மேல் அட்டையை வைத்திருந்தார். சோம்பேறி இவ்வளவு சுத்தமாக இருக்கிறானே என்று அவளுக்கு ஆச்சரியம்.

முதல் சண்டை இரண்டு இளவட்டங்களுக்கு. இரண்டாம் சுற்றின் நடுவில் ஒருவன் மற்றவன் விலாவில் இரண்டு இறக்கினான். மற்றவன் குனிந்தான். குனிந்த முகத்துக்குக் கீழேயிருந்து ஒன்று வந்தது. வாயிலிருந்த பல்காப்பு ஒரு பக்கம் பறக்க, பல் ஒன்று இன்னொரு பக்கம் பறந்து, துள்ளிக்கொண்டு வந்து புள்ளி மேஜையில் அவளுடைய அட்டைமேல் நின்றது. அடி வாங்கியவன் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். மேடைப் பலகை அதிர்ந்தது. நடுவர் எண்ணினார். அவன் கால் மட்டும் துடித்தது.

பல்லை ஒதுக்கிவிட்டு அவள் முப்பது, சைபர் என்று எழுதினாள். பக்கத்திலிருந்தவர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"என்ன சார், எழுதலையா?"

"எதை எழுதறது? ஆள் விழுந்துட்டானே."

"அதான் கேக்கிறேன். புள்ளி?"

"விழுந்த சண்டைக்குப் புள்ளி ஏதும்மா? கடைசி சுற்று வரைக்கும் ரெண்டு பேரும் நின்னாத்தான் எங்க கூடத்துல புள்ளி. ஒருத்தன் படுத்துட்டா ரெண்டு பேருக்குமே காலியா விட்டுடுவோம். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

அவள் பேனாவை அட்டைமேல் போட்டாள்.

மடிக்கணினி மேஜைக்கு அடியில் இருந்தது. எடுத்தாள். பழைய கோப்பை, எதையும் தூக்காத கோப்பை, மறுபடி படிக்கச் சொன்னாள். ஆள் புதுமாப்பிள்ளை, புள்ளி காலி, அந்த வரிகள் மட்டும் வா. அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்து, இரண்டு முறையும் அது சிவப்பில் திட்டியது. மூன்றாம் முறை வந்தார்கள். பதினொரு வரி. பதினொரு எதிராளி. சுற்றுப் பத்தியில் ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. மூன்று எங்கேயும் இல்லை.

அவள் பார்த்திருந்த சராசரி, அவன் தப்பித்தவறி மூன்று சுற்றும் ஆடிய இரண்டே இரண்டு சண்டைகளுடையது.

விழுந்தது இவனா எதிராளியா? அதற்கும் ஒரு வழி தெரிந்தது. முதல் எதிராளியின் பெயரை எடுத்து, அவன் ஆடிய எல்லாச் சண்டைகளையும் கேட்டாள். கடைசி வரி புதுமாப்பிள்ளையோடு. அதற்குப் பிறகு அவன் பெயரே இல்லை. இரண்டாவது ஆள். கடைசி வரி அதேதான். மூன்றாவது ஆளைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"சார், உங்க புதுமாப்பிள்ளை..."

"அவனா? அவன் விழுந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு எதிர்ல விழுந்தவன் எழுந்தும் பார்த்ததில்லை" என்றார் அவர். பிறகு மரியாதையாகச் சேர்த்துக்கொண்டார். "உங்க மண்வெட்டியை நெனச்சா பெருமையா இருக்கும்மா. எங்க பக்கத்துல எவனும் அவனோட ஜோடி போட ஒத்துக்கறதில்லை. நீங்களா கேட்டு வாங்கினீங்கன்னு எங்க முதலாளி சொன்னப்ப நான் நம்பலை."

அதற்குள் மணி அடித்தது.

புதுமாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தான். ஒல்லி. தோள் மட்டும் ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி அகலம். நடுவரிடம் "சரிங்க" என்று இரண்டு தரம் சொன்னான். மண்வெட்டி அவனைப் பார்த்து, இவ்வளவுதானா என்று சிரித்தான். அந்தச் சிரிப்பின் மேலேயே முதல் குத்து விழுந்தது.

கை கிளம்பியதை யாரும் பார்க்கவில்லை. விழுந்த சத்தம்தான் கேட்டது, ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி. இரண்டாவது விலாவில். மூன்றாவது மறுபடி விலாவில், அதே இடத்தில், ஒரு விரற்கடை தள்ளாமல். மண்வெட்டி கயிற்றில் சாய்ந்து, திரும்பி வந்து, கீழேயிருந்து தன் வலது கையை விட்டான். அது புதுமாப்பிள்ளையின் காதை உரசிக் கிழித்தது. ரத்தம் கன்னத்தில் வழிந்து வாய்வரை வந்தது. கூடம் எழுந்து நின்று அலறியது. புதுமாப்பிள்ளை தன் ரத்தத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் தலையை நிமிர்த்தினான். பாதி வழியில் நிறுத்தின காரியத்தை முடிக்க வருகிறவன் மாதிரி முன்னால் வந்தான். நெற்றி, தாடை, நெஞ்சுக்குழி, மறுபடி நெற்றி. மண்வெட்டியின் இடது புருவம் பழச்சுளை மாதிரி பிளந்தது. ரத்தம் அந்தக் கண்ணுக்குள்ளேயே ஊற்றியது. மணி அடித்ததால் அவன் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். சண்டை நடக்கும்போது அவள் எழுந்ததே இல்லை. மேடையைச் சுற்றி ஓடி, மூலைக்குப் போனாள். நாத்தனார் அண்ணன் புருவத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் தோளில் வெள்ளைத் துண்டு. மூலையிலிருந்து துண்டு உள்ளே விழுந்தால் சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

"துண்டை எறி."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"காலி வரியெல்லாம் அவன் சாய்ச்சது. பதினொரு பேர். எறிடி துண்டை."

நாத்தனார் எதிர் மூலையைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கை துண்டை இறுக்கிக்கொண்டது.

"எறிஞ்சா என்னைத் தங்கச்சின்னே சொல்ல மாட்டேன்னு இப்பத்தான் சத்தியம் பண்ணினான். எங்க வீட்டுல துண்டு எறியற வழக்கம் கிடையாது அண்ணி."

"என் வீட்டுல இருக்கு. குடு."

மண்வெட்டி எழுந்துகொண்டே, "ஏய், ரெண்டு பேரும் அங்க என்ன குசுகுசுன்னு? தண்ணி குடு" என்றான். மணி அடித்தது. போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். நான் சொல்வதுதான் சரி. அவள் துண்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். நாத்தனார் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் நெஞ்சில் முழங்கையால் இடித்தாள். இவள் வாளி மேல் விழுந்தாள். வாளி உருண்டு, ரத்தத் தண்ணீர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் கொட்டியது. எழுந்து வந்து நாத்தனாரின் கூந்தலைப் பிடித்தாள். நாத்தனார் அவள் காதுத் தோட்டைப் பிடித்தாள்.

"விடுங்க அண்ணி! அண்ணன் இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கான்!"

"அந்தப் பதினொரு பேரும் விழற வரைக்கும் நின்னுட்டுத்தான்டி இருந்தாங்க!"

அவள் நாத்தனாரின் மணிக்கட்டைக் கடித்தாள். நாத்தனார் பழக்க தோஷத்தில் ஒரு இடதுகைக் குத்து விட்டாள். இவள் உதடு கிழிந்தது. கூடத்தில் பாதிப் பேர் மேடையை விட்டு மூலைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். யாரோ ஒருவன் "குடும்பமே திறமைசாலிங்கப்பா!" என்று கத்தினான்.

மேடையில் மண்வெட்டியின் கை தாழ்ந்துகொண்டிருந்தது. இடது பக்கம் அவனுக்குப் பார்வை இல்லை. அந்தப் பக்கத்திலிருந்துதான் புதுமாப்பிள்ளை வந்தான், காலை மெதுவாக மாற்றி வைத்து, தோளைப் பின்னால் வாங்கி.

அவள் கடித்த கடியில் நாத்தனாரின் விரல்கள் விரிந்தன. துண்டு கைக்கு வந்த வேகத்தில் பார்க்காமல் எறிந்தாள். அது நனைந்து கனத்திருந்தது. நேராகப் போய் நடுவரின் முகத்தில் சுற்றிக்கொண்டது. என்ன விழுந்தது என்று தெரியாவிட்டாலும், துண்டு என்றால் சண்டையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த நல்ல மனிதர் அவர். முகத்தில் துண்டோடு, குருடராக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் பாய்ந்தார். மண்வெட்டியின் இடது கண்ணுக்கென்று கிளம்பியிருந்த குத்து துண்டின் மேல் விழுந்தது.

நடுவர் பன்னிரண்டாவது ஆளாகச் சாய்ந்தார்.

நடுவர் விழுந்தால் யார் எண்ணுவது என்று விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. நரைமீசைக்காரர் எழுந்து, கொஞ்சம் யோசித்து, மரியாதைக்காக மெதுவாக எண்ணினார். புதுமாப்பிள்ளை முழங்காலில் உட்கார்ந்து, துண்டை விலக்கி, "மன்னிச்சிடுங்க சார், மன்னிச்சிடுங்க" என்று விசிறிக்கொண்டிருந்தான். நடுவருக்குத் தாடை எலும்பில் விரிசல், இரண்டு மாதம் கஞ்சி. அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டதும் இவள்தான்.

மண்வெட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். துண்டு எங்கேயிருந்து வந்தது என்று புரிந்ததும் மூலையைத் திரும்பிப் பார்த்தான். கிழிந்த உதட்டோடு பெண்டாட்டி, கடிபட்ட கையோடு தங்கை. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் அவர்களை முறைத்தான். அந்த முறைப்பைப் பார்த்து அவள் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

வீட்டில் அவன் பேசவில்லை. தட்டை நகர்த்தினான், கதவை அறைந்தான். நின்றுகொண்டு முடிக்க நினைத்தவனுக்குத் துண்டு எறிந்து முடித்துவிட்டார்கள். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது என்று சொன்னபோதும் அவன் முகம் மாறவில்லை. அவள் அட்டவணையில் காலி வரிகளையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து, இந்த முறை ஒவ்வொன்றையும் நரைமீசைக்காரரிடம் போனில் கேட்டு, யார் விழுந்தது என்று ஒரு புதுப் பத்தி சேர்த்துக்கொண்டிருந்தாள். அவரைத் தண்டச்சோறு என்று சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அந்த மனிதர் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார், மண்வெட்டியைப் பார்க்க. இவள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே பேச்சு கேட்டது.

"பதினொரு பேரா?"

"பதினொரு பேரு தம்பி. நீங்க ஒரு முழு சுற்று நின்னீங்க. காதைக் கிழிச்சீங்க. எங்க பக்கம் இப்ப அதான் பேச்சு. தேடிப் பிடிச்சு உங்களுக்கு இவனை ஜோடி போட்டது உங்க வீட்டுக்காரம்மாவாமே?"

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு சமையலறை வாசலில் மண்வெட்டி வந்து நின்றான். புருவத்தில் தையல், முகத்தில் பத்து வருஷம் குறைந்த வெளிச்சம்.

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"என்னத்தை?"

"இந்தத் தேசத்துலயே எனக்குச் சரிசமமான ஆள் இவன் ஒருத்தன்தான்னு கணக்குப் போட்டு எடுத்திருக்கே. யாராவது ஒரு சோப்ளாங்கியைப் போட்டு ஜெயிக்க வச்சிருக்கலாம். நீ போடலையே!" தையல் போட்ட புருவத்தைத் தடவிக்கொண்டான். "நான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்."

நாத்தனார் அங்கேதான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. அண்ணியைப் பார்த்தாள். அண்ணி டீயைப் பார்த்தாள்.

"பின்னே?" என்றாள் அவள், அடுப்பைக் குறைத்துக்கொண்டே. "என் புருஷனுக்கு எவனோ ஒரு பூச்சியைப் போடுவேனா?"